நச்சென்று விழாத கியர்: வாடிப்பட்டி வாசகருக்குப் பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்கு வாடிப்பட்டிப் பக்கம். சிறுமலையில் கொஞ்சம் வாழையும் மிளகும் இருக்கிறது, வாரத்தில் மூன்று நாள் மேலே போய்வருவேன். 2019 மாடல் இசுசு வி-கிராஸ் ஆட்டோமேட்டிக், போன வருடம் கோயம்புத்தூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய ஓனர் வண்டிப் பிரியர், டயரெல்லாம் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார், பிக்கப் சும்மா அள்ளும். ஆனால் ஆறு மாதமாக இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது மெத்தென்று இருக்கிறது. எஞ்சின் 'வ்ர்ர்' என்று ஒரு ஏறு ஏறி, அப்புறம்தான் பிடிக்கிறது. காலையில் பரவாயில்லை, மலை ஏறி இறங்கினால் அதிகமாகிறது. ஒரு மெக்கானிக், உள்ளே ஸ்பிரிங்கை டைட் பண்ணினால் நச்சென்று விழும் என்கிறார். இன்னொருவர் இது லைஃப்டைம் ஆயில், தொடவே கூடாது என்கிறார். மூன்றாமவர் கியர் பாக்ஸையே இறக்கச் சொல்கிறார். எனக்கு வேண்டியது பழைய மாதிரி கியர் நச்சென்று விழ வேண்டும், அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, மூன்று பேர் சொன்னதில் எதையும் இந்த வாரம் செய்யாதீர்கள். முடிந்தால் மலைக்கும் வேறு வண்டியில் போய்வாருங்கள், ஒரு வாரத்துக்குத்தான்.

'மெத்தென்று' என்று நீங்கள் ஒரே சொல்லில் எழுதிவிட்டீர்கள், எங்கள் பட்டறையில் அது இரண்டு வேறு வேறு சங்கதி. கியர் மாறியதே தெரியவில்லை, ஆர்.பி.எம். முள் மட்டும் நிதானமாக இறங்குகிறது என்றால் அது வெறும் மென்மை, அந்தக் கியர் பெட்டியைச் செய்தவர்கள் விரும்பியதே அதுதான். முள் இறங்க வேண்டிய இடத்தில் முதலில் ஏறி அப்புறம் இறங்கினால் அது வழுக்கல். உங்கள் 'வ்ர்ர்' இரண்டாவது வகை. வீடியோ எடுக்கத் தெரிந்த ஒரு பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து முள்ளைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு முந்நூறு நானூறு ஏறுகிறதா, ஆயிரம் ஏறுகிறதா என்பது பின்னால் எனக்கு உதவும்.

உள்ளே நடப்பது இது. ஆறு கியர் பெட்டியில் கிளட்ச் பிளேட்டுகள் கட்டுக் கட்டாக இருக்கும், ஒவ்வொரு கட்டையும் ஆயில் அழுத்தம்தான் இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு கட்டு விட வேண்டும், அதே நேரத்தில் இன்னொரு கட்டு பிடிக்க வேண்டும். நிறைகுடத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவது மாதிரி. வாங்குகிறவர் முன்னாலேயே இழுத்தால் இடிக்கும், அதை நீங்கள் 'நச்' என்பீர்கள். வாங்குகிறவர் கை தளர்ந்திருந்தால் குடம் ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும், அதுதான் உங்கள் 'வ்ர்ர்'. இந்தக் கைமாற்றம் மொத்தமே ஒரு நொடிக்குள் முடிந்துவிட வேண்டிய காரியம். நீண்டுபோனால் அத்தனை நேரமும் பிளேட் மேல் பிளேட் உரசிக்கொண்டிருக்கும். பிளேட்டின் மேல் ஒட்டியிருப்பது இரும்பில்லை, கிட்டத்தட்ட காகிதம் மாதிரி ஒரு பொருள், சூட்டைத் தாங்கும், ஆனால் ரொம்ப நாள் தாங்காது.

அப்படியானால் கை ஏன் தளர்ந்தது? இந்தக் கேள்விக்கு நான் வாழ்க்கையில் ஒரு தடவை தப்பாகப் பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதைச் சொன்னால்தான் உங்கள் வண்டியில் எனக்கு என்ன சந்தேகம் என்பது புரியும்.

எனக்கு 26 வயது, சவுதியில் தம்மாமில் ஒரு பட்டறையில் வேலை. அங்கே பழைய அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் நிறைய வரும். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் கொண்டுவந்த நாலு கியர் பெட்டி ஒன்று, 700ஆர்4 என்று பெயர், அதில் கம்ப்யூட்டர் கிடையாது, கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் நேராகக் கியர் பாக்ஸுக்குள் போகும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோமோ அந்த அளவுக்குக் கேபிள் இழுக்கும், அதைப் பார்த்துப் பெட்டி அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒருத்தர் வந்தார், கியர் உதைக்கிறது, குடும்பத்தோடு போக முடியவில்லை என்று. நான் கேபிளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். வெண்ணெய் மாதிரி மாறியது. மனுஷனுக்குச் சந்தோஷம், இருபது ரியால் தனியாகக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து அதே வண்டி ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏறி வந்தது. ஆயில் தட்டைக் கழற்றியதும் ஒரு நாற்றம், அதை இப்போதும் என்னால் சொல்ல முடியும், பாகு காய்ச்சும்போது அடிப்பிடித்தால் வருமே, அதோடு பிளாஸ்டிக் எரிந்த வாடையும் சேர்ந்தது. மூன்று, நாலாவது கியருக்கான பிளேட்டைக் கையில் எடுத்தேன், மேலே ஒட்டியிருந்த பொருள் கருகின அப்பளம் மாதிரி உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது.

நடந்தது இவ்வளவுதான். எஞ்சின் முழு மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தது, தளர்ந்த கேபிள் பெட்டியிடம் போய், ஒன்றும் இல்லை, சும்மா லேசாகத்தான் மிதிக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டி அதை நம்பி அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டது. முதலாளி ராத்திரி உட்கார்ந்து என்னையே அந்தப் பெட்டி முழுவதையும் பிரிக்க வைத்தார். திட்டியது தனிக்கணக்கு.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். 'பிக்கப் சும்மா அள்ளும்' என்று பெருமையாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு இடித்தது அந்த வரிதான். கம்பெனியிலிருந்து வரும்போது அந்த 1.9 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு 150 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் இழுவை. நல்ல எஞ்சின், ஆனால் இவ்வளவு கனமான வண்டியில் 'அள்ளும்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வண்டிப் பிரியர் வைத்திருந்த வண்டி, பெரிய டயர் வேறு, அப்படியென்றால் டியூனிங் பாக்ஸ் ஒன்று மாட்டியிருக்கலாம் என்பது என் யூகம்.

அந்த டியூனிங் பாக்ஸ் செய்கிற வேலை என்ன தெரியுமா? காமன் ரெயிலில், அதாவது எஞ்சினுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், டீசல் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒரு சென்சார் இருக்கிறது. சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இந்த டியூனிங் பாக்ஸ் உட்கார்ந்துகொண்டு, அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். கம்ப்யூட்டர் 'அடடா, கம்மியாக இருக்கிறதே' என்று கூடுதலாக அழுத்தம் ஏற்றும். டீசல் கூடுதலாகப் போகும், இழுவை கூடும். ஓட்டுகிறவருக்கு ஜோர். ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டருக்கே தான் கூடுதலாக இழுப்பது தெரியாது, அதனால் அது கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் பழைய கணக்கையே சொல்லும். கியர் பெட்டி அந்தக் கணக்குக்கு ஏற்ற அழுத்தத்தைத்தான் பிளேட்டுக்குக் கொடுக்கும். நான் தம்மாமில் கேபிளைத் தளர்த்திச் சொன்ன அதே பொய், இங்கே ஒயர் வழியாகப் போகிறது.

ஆகவே முதல் வேலை, காசில்லாத வேலை. பானெட்டைத் திறந்து, எஞ்சின் மேல் டீசல் பைப்புகள் சேரும் அந்தத் தடித்த குழாயின் முனையில் இருக்கும் சென்சாரைப் பாருங்கள். அதன் ஒயர் நேராகப் போகிறதா, அல்லது நடுவில் கூடுதலாக ஒரு சாக்கெட் சேர்த்து வேறெங்காவது போகிறதா? போனால் பின்னாலேயே விரலை ஓட்டிக்கொண்டு போங்கள், பேட்டரிப் பக்கத்திலோ ஃபியூஸ் பாக்ஸ் பின்னாலோ ஒரு கருப்புப் பெட்டி டேக் போட்டுக் கட்டியிருப்பார்கள். இருந்தால் கழற்றிவிட்டு, ஒரிஜினல் சாக்கெட்டை ஒன்றோடொன்று சொருகிவிடுங்கள், எஞ்சின் ஆஃப் ஆகிக் கொஞ்சம் நேரம் ஆனபிறகு. ஒன்றுமே இல்லையென்றாலும் நிம்மதியடைய வேண்டாம், சாஃப்ட்வேரிலேயே மாற்றியிருக்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது. பழைய ஓனருக்கு ஒரு போன் போட்டு நயமாகக் கேளுங்கள். "அண்ணே, ரீமேப் எங்கே பண்ணீங்க, ரொம்ப நல்லா இருக்கு" என்று கேட்டால் பெருமையில் சொல்லிவிடுவார். "பண்ணினீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார். இது அனுபவம்.

டயரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டயர் உயரம் கூடினால் சக்கரத்தைச் சுற்ற அதே பெட்டி கூடுதலாக மல்லுக்கட்ட வேண்டும், ஒவ்வொரு கியரும் கொஞ்சம் உயர்ந்த கியர் மாதிரி ஆகிவிடும், மலையில் இது நன்றாகவே தெரியும். இப்போது இருக்கிற டயரை உடனே தூக்கிப் போடச் சொல்லவில்லை, அடுத்த தடவை மாற்றும்போது கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

அப்புறம் ஆயில். பொய் சொல்கிற டியூனிங் பாக்ஸ் இருந்தாலும், இல்லையென்றாலும், ஆயிலைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஆறு மாதமாக வழுக்கிக்கொண்டிருக்கிற பெட்டியில் ஆயில் சூடுபட்டுத்தான் இருக்கும். லைஃப்டைம் ஆயில் என்று சொன்னவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் மதுரை வெயிலில், 18 கொண்டை ஊசி வளைவுள்ள மலையில், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வாரம் மூன்று தடவை ஏறி இறங்குகிற வண்டிக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு, ஆயில் இருக்க வேண்டிய சூட்டுக்கு மேல் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்று. ஆய்வுக்கூடக் கணக்கில்லை, ஆனால் பிரித்த பெட்டிகள் அதைப் பொய்யாக்கியதில்லை.

உங்கள் கியர் பெட்டியில் ஆயில் அளவு பார்க்கும் குச்சி, டிப்ஸ்டிக், கிடையாது, அதனால் அளவு பார்ப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சின் ஐடிலில் ஓட வேண்டும், வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டே, மேனுவலில் சொன்ன டிகிரி வந்ததும், இந்த மாதிரிப் பெட்டிகளில் பொதுவாக 40-லிருந்து 50 வாக்கில் இருக்கும், லெவல் பிளக்கைத் திறந்து மெல்லிய நூலாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் சூட்டில் விரியும். மலையிலிருந்து இறங்கின சூட்டோடு திறந்தால் அரை லிட்டர் குறைவாக இருக்கிற வண்டியிலும் பொலபொலவென்று கொட்டும், 'போதும்' என்று மூடிவிடுவார்கள். 'ஸ்கேனர் வேண்டாம் சார், கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்' என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

வழிகிற ஆயிலில் இரண்டு சொட்டை ஒரு வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் விட்டு அஞ்சு நிமிடம் வையுங்கள். பரவி, ஓரத்தில் பழுப்பாகவோ மங்கின சிவப்பாகவோ நின்றால் பழைய ஆயில், அவ்வளவுதான். நடுவில் கருப்பாகத் திட்டாக நின்று, மோந்து பார்த்தால் அந்தக் கருகின வாடை வந்தால் பிளேட் உரசியிருக்கிறது. சிம்மக்கல் ரோஸ் மில்க் மாதிரி இளஞ்சிவப்பாக, நுரையாக இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், ரேடியேட்டர் தண்ணீர், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் வழியாக, ஆயிலில் கலந்துவிட்டது, அது வேறு கதை, ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

ஆயில் தட்டைக் கழற்றினால் உள்ளே சின்னச் சின்னக் காந்தங்கள் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி சேறு ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், இவ்வளவு ஓடின வண்டியில் இருக்கத்தான் செய்யும். விரலில் தேய்த்துப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் நல்லது. நரநரவென்றால், அல்லது வெயிலில் பிடித்தால் மினுக்கினால், நல்லதில்லை. மெக்கானிக் அதைத் துடைத்துவிட்டு 'எல்லாம் கிளீன் சார்' என்று காட்டுவதற்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட வேண்டும், பக்கத்திலேயே நில்லுங்கள், டீ குடிக்கப் போகாதீர்கள்.

மாற்றும்போது மிஷின் போட்டு ஃபிளஷ் பண்ண வேண்டாம். கீழே திறந்துவிட்டால் மொத்த ஆயிலில் பாதிக்கும் குறைவுதான் வரும், மீதி, எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதனால் வடித்து ஊற்றி, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றி, இப்படி மூன்று தடவை. ஆயில் மேனுவலில் எழுதியிருக்கிற ரகமாகவே இருக்கட்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று கிடையாது, பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டு வந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். கியர் பாக்ஸை மிருதுவாக்கும், இறுக்கமாக்கும் என்று சின்ன டப்பாவில் விற்கிற மருந்து எதுவும் வேண்டாம். ஆயில் கூலரின் முன்பக்கத்தையும் கையோடு பார்த்துவிடுங்கள். நம் பக்கம் அறுவடைக் காலத்துத் தூசியும் பூச்சியும் அதில் பாய் விரித்த மாதிரி அடைத்திருக்கும். தண்ணீரைப் பின்பக்கமிருந்து மெதுவாக அடித்துக் கழுவுங்கள், பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் தகடு மடங்கிப்போகும்.

ஆயில் மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, உங்களையும் பயமுறுத்துவார்கள். சாகக் கிடந்த பெட்டிக்குக் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றினார்கள், அது செத்தது, பழி ஆயில் மேல் விழுந்தது. நான் பார்த்தவரை பெரும்பாலும் கதை அதுதான்.

இதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது, நம் ஊரில் பாதிப் பட்டறைகளில் இதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் பெட்டியின் கம்ப்யூட்டர் சும்மா இருக்காது, ஒவ்வொரு தடவை கியர் மாறும்போதும் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அடுத்த தடவைக்கு அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். டியூனிங் பாக்ஸோடு இத்தனை நாள் ஓடி, கெட்ட ஆயிலோடு ஓடி, அது ஏதேதோ கற்று வைத்திருக்கும். அதையெல்லாம் ஸ்கேனர் வைத்து அழித்துவிட்டு மறுபடி கற்றுக்கொள்ளவிட வேண்டும். பேட்டரி ஒயரைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தால் போதும் என்பார்கள், எல்லா வண்டியிலும் அது அழியாது. அழித்த பிறகு முதல் ஐம்பது கிலோமீட்டர் வண்டி கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் மாறும், பதற வேண்டாம். விடியற்காலையில் ரிங் ரோட்டுக்குப் போங்கள், வண்டி நன்றாகச் சூடான பிறகு, ஆக்சிலேட்டரை கால்வாசி மட்டும் ஒரே சீராக மிதித்து நின்ற இடத்திலிருந்து ஐந்தாவது கியர் வரைக்கும் போய், மெதுவாக நிறுத்தி, மறுபடி. பத்துப் பதினைந்து தடவை. பின்னால் லாரி வராத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஸ்பிரிங்கை டைட் பண்ணலாம் என்றவரைப் பற்றி. அவர் சும்மா சொல்லவில்லை, பழைய பெட்டிகளில் அது உண்மையான வைத்தியம். அதே ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டி 1993-ல் கம்ப்யூட்டரோடு 4எல்60இ என்று மாறி வந்தபோதும் உள்ளே அக்யூமுலேட்டர் என்று ஸ்பிரிங் வைத்த ஒரு பிஸ்டன் இருந்தது, கியர் மாறும் இடியைத் தாங்கும் மெத்தை மாதிரி. அந்த ஸ்பிரிங்கை மாற்றினால், ஷிஃப்ட் கிட் போட்டால், நச்சென்று விழும், பிளேட்டும் குறைவாக உரசும், நானே எத்தனையோ போட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் வண்டியில் இருக்கும் ஐசின் கம்பெனிப் பெட்டியில் பிளேட்டின் பிடியைக் கம்ப்யூட்டரும், மின்சாரத்தில் இயங்கும் வால்வான சோலினாய்டும் நொடிக்கு நொடி கணக்குப் போட்டுக் கொடுக்கின்றன. நீங்கள் ஸ்பிரிங்கை இறுக்கினால், கம்ப்யூட்டர் 'இடிக்கிறதே' என்று தன் பக்கம் குறைக்கும். இரண்டு பேரும் கயிறு இழுப்பார்கள். நடுவில் அடிபடுவது, இழுவையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்ட் கிராஸும் டிஃபரென்ஷியலும்.

கியர் பாக்ஸை இறக்கச் சொன்னவரிடம் போகிற நாளும் வரலாம். டியூனிங் பாக்ஸைக் கழற்றி, ஆயில் மாற்றி, கம்ப்யூட்டர் கற்றதை அழித்து, இத்தனைக்குப் பிறகும் 'வ்ர்ர்' என்றால் முதலில் அழுத்தத்தை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைவாகவோ தடுமாறியோ வந்தால் ஆயிலைப் பிரித்தனுப்பும் வால்வ் பாடி, சோலினாய்டு பக்கம் பார்க்கலாம், கியர் பாக்ஸை இறக்காமலே கீழிருந்து செய்யக்கூடிய வேலை. அழுத்தம் சரியாக வந்தும் வழுக்கினால் பிளேட் போயிருக்கிறது, அப்போது இறக்கத்தான் வேண்டும், செலவு லட்சத்தில் பேசுவார்கள். அளக்காமலே இறக்கலாம் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அதுவரை மலைக்குப் போயே ஆக வேண்டுமென்றால், லீவரைப் பக்கவாட்டில் தள்ளி மேனுவலில் போட்டு இரண்டிலோ மூன்றிலோ பிடித்துவைத்து ஏறுங்கள், ஒவ்வொரு வளைவுக்கும் அது இரண்டுக்கும் மூன்றுக்கும் தாவிக்கொண்டிருப்பதுதான் பிளேட்டைத் தின்கிறது. இறங்கும்போதும் அதே. ஏற்றத்தில் வண்டி நின்றால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்து நிற்காதீர்கள், பிரேக்கைப் போடுங்கள். தாரைக் குறைத்து ஏற்றினால் இன்னும் நல்லது, கேட்க மாட்டீர்கள், தெரியும்.

அந்த சென்சார் ஒயரை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். டியூனிங் பாக்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, ஆயில் மாற்றும் முன்னாலேயே இரண்டு நாள் சமதளத்தில் ஓட்டி, அந்த முள் எவ்வளவு ஏறுகிறது என்று மறுபடி படம் எடுத்து, முதல் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.